தராசக்காவின் டி.எஸ்.எச்.

கடைக்குள் நுழைந்ததும் தராசக்கா தராசைப் பார்ப்பதில்லை, கடைக்காரர் முகத்தைத்தான் பார்ப்பாள். பார்த்தபடியே தோளில் தொங்கும் பெட்டியை இறக்கி, ஒரு மஞ்சள் துணியை விரித்து, பித்தளை எடைக்கற்களை ஒவ்வொன்றாக அதில் அடுக்குவாள். வெறுங்கை படாது. விரல் பிசுக்கு ஒட்டினால் கல்லுக்கு எடை கூடிவிடுமாம். "உங்க தராசு நல்ல பிள்ளைன்னு எனக்குத் தெரியும். உங்களைத்தான் கொஞ்சம் பார்த்துக்கறேன்" என்பாள். மீன்கடைக்காரர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்துவிட்டால் போதும், அன்றைக்கு அவர் தராசுக்கு இரண்டு முறை சோதனை.

வயது நாற்பத்து நாலு. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. கடைகள், மருந்தகங்கள், பார்சல் அலுவலகம், ஆஸ்பத்திரி என்று எங்கெல்லாம் எடை போடுகிறார்களோ அங்கெல்லாம் போய்த் தராசைச் சோதித்து, கோளாறு இருந்தால் சரிசெய்து, ஈய முத்திரை குத்திவிட்டு வருவாள். அந்த முத்திரை குத்தும் குறடு அவள் இடுப்புப் பையிலேயே இருக்கும். குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுவதாகப் பேச்சு. டிஜிட்டல் தராசுகளுக்குச் சரியான எடையைப் பதிய வைப்பதை அவள் "பாடம் சொல்லிக்கொடுக்கறது" என்பாள். பாடம் நடக்கும்போது பேச்சு முழுக்கத் தராசோடுதான். "என்ன, நேத்து முழுக்கப் பொய்யா சொல்லிட்டிருந்தே? நாலு கிராம் ஏப்பம் விட்டிருக்கியே, வெட்கமா இல்ல?" பக்கத்தில் நிற்கும் கடைக்காரருக்குத்தான் வியர்க்கும்.

இன்னொரு வித்தை உண்டு. எதைக் கையில் கொடுத்தாலும் எடை சொல்லிவிடுவாள். ஒரு தக்காளி, ஒரு செருப்பு, யாரோ மறந்துவிட்டுப்போன சாவிக்கொத்து, எதுவானாலும் ஐந்து கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். குழந்தையைக் கையில் வாங்கினால் கொஞ்சுவதற்கு முன்னால் வாய் தானாகச் சொல்லும்: "நாலு கிலோ முந்நூறு. ஆனா டயபர் நனைஞ்சிருக்கு, அதைக் கழிச்சுக்குங்க."

வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானத்திலும் அவள் உடம்பில் இரண்டு ஸ்வெட்டர் இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று. காலில் கம்பளி உறை. பேக்கரிக்குப் போனால் மட்டும் முதுகை அடுப்புச் சுவரில் சாய்த்துக்கொண்டு, அரைமணி நேர வேலையை ஒன்றரை மணி நேரம் செய்வாள். "எல்லாக் கடையிலயும் சட்டுனு முடிக்கறீங்க, எங்க தராசுக்கு மட்டும் ஏங்க இவ்வளவு நேரம்?" என்று பேக்கரிக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார். "உங்களது கொஞ்சம் மந்தம். நிதானமாத்தான் சொல்லிக்கொடுக்கணும்" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

குளிருக்குக் காரணம் தைராய்டு. அதைப் பற்றி யார் கேட்டாலும் அவளிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். "கழுத்துல இருக்கற சுரப்பி ஒரு கடைன்னு வச்சுக்குங்க. மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல ஒண்ணு இருக்கு, அது முதலாளி. கடையில சரக்கு குறைஞ்சா முதலாளி சத்தம் போடணும். அந்தச் சத்தத்தை அளக்கறதுதான் டி.எஸ்.எச். உங்களுக்கெல்லாம் சத்தம் கம்மியா இருந்தா, கடை நிறைய சரக்கு இருக்குன்னு அர்த்தம். எனக்குச் சத்தமே வராது. என் முதலாளி நான் பிறக்கறதுக்கு முன்னாடியே படுத்துத் தூங்கிட்டான். அதான் சரக்கை நான் வெளியில இருந்து மாத்திரையா வாங்கிப் போட்டுக்கறேன்."

பழைய டாக்டர் அவளைக் குழந்தையிலிருந்து பார்த்தவர். அவள் விஷயத்தில் டி.எஸ்.எச். என்கிற எண்ணை அவர் சீண்டமாட்டார். ரத்தத்தில் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று நேராகச் சொல்லும் டி-ஃபோரைப் பார்த்து, அது நடுவுக்கு மேலே நிற்கும்படி மாத்திரை கொடுப்பார். ஒரே ஒரு குழப்பம் மட்டும் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. "அம்மாவுக்கு மாசமா இருக்கும்போது தைராய்டு கன்னாபின்னான்னு சுரந்து, மருந்தும் எடுக்காம விட்டா, அது அத்தனையும் வயித்துல இருக்கற குழந்தைக்குப் போகும். கடைதான் நிரம்பி வழியுதேன்னு குழந்தையோட முதலாளி சத்தம் போடவே கத்துக்காது. உன் கேஸ் அச்சு அசல் அப்படித்தான் இருக்கு. ஆனா உங்கம்மா ஒழுங்கா மாத்திரை போட்டிருக்காங்களே!" என்று தலையைச் சொறிவார். சொறிந்தபடியே ஓய்வுபெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா மாத்திரை போட்ட லட்சணம் தராசக்காவுக்குத் தெரியும். பதினாறு வருடத்துக்கு முன் ஏதோ ஒரு சண்டையில் சித்தி போட்டு உடைத்துவிட்டாள்: "உங்கம்மா அந்த ஒன்பது மாசமும் ஒரு மாத்திரையைக்கூட முழுங்கலைடி. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா." கேட்ட அன்றைக்குத் தராசக்கா வீட்டுக்கு வந்து, அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் எதையும் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. அப்படியே பழகிவிட்டது.

அம்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எழுபத்திரண்டு வயது. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்தவள். பொய்யைக்கூடத் தெளிவாக, நிறுத்தி, தேவைப்பட்டால் ஒருமுறை திருப்பியும் சொல்லும் குரல். மகள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கூடவே கிளம்புவாள். காரணம் கேட்டால், "அங்க நாற்காலி நல்லா இருக்கு" என்பாள்.

புது டாக்டர் இளம்பெண். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துவிட்டு மேசையெல்லாம் தேடுகிறவள். பழைய காகிதக் கோப்புகளெல்லாம் கட்டுக்கட்டாகக் கிடங்குக்குப் போய், கணினிக்குள் எண்கள் மட்டும் ஏறியிருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் பழைய டாக்டர் பென்சிலில் கிறுக்கி வைத்திருந்த 'டி.எஸ்.எச்.-ஐ நம்பாதே' மட்டும் ஏறவில்லை.

"டி.எஸ்.எச். ரொம்பக் கம்மியா இருக்கே. மாத்திரை அதிகம்னு நினைக்கறேன்" என்றாள் புது டாக்டர்.

தராசக்கா முதலாளி தூங்கும் கதையைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை, ஆனால் கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, இவங்க வயித்துல இருக்கும்போது உங்களுக்குத் தைராய்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதிகமா சுரக்குதுன்னு மாத்திரை குடுத்தாங்க. ஒரு வேளை விடாம போட்டேன்." நிறுத்தினாள். "ஒரு வேளை விடாம."

தராசக்கா வாயைத் திறந்தாள். அம்மாவின் விரல்கள் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தன. தராசக்கா வாயை மூடிக்கொண்டாள். நாலு கிராமுக்கு மீன்கடைக்காரரைக் கண்ணில் விரல்விட்டு ஆட்டுகிறவள், இவ்வளவு பெரிய பொய்யைத் தட்டில் வைத்ததும் சரி என்று விட்டுவிட்டாள்.

"அப்போ அந்தக் காரணம் பொருந்தாது" என்றாள் டாக்டர். "டி-ஃபோர் நல்லாத்தான் இருக்கு. டி.எஸ்.எச். இப்படியே கம்மியா இருந்தா எலும்பு தேயும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். கொஞ்சம் குறைச்சுப் பார்க்கலாமே." மற்றவர்கள் விஷயத்தில் அவள் சொன்னது அத்தனையும் சரிதான். மாத்திரையில் கால்பங்கு போயிற்று. ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். மட்டும் பார்த்தார்கள். தூங்குகிற முதலாளி எங்கே சத்தம் போடப் போகிறான், எண் அப்படியே இருந்தது. இன்னொரு கால்பங்கும் போயிற்று.

அதற்கப்புறம் ஆரம்பித்தது கூத்து. ஸ்வெட்டர் மூன்றாயிற்று. மாடிப்படி ஏறுவாள், பாதியில் நின்று, மேலே போகிறோமா கீழே வருகிறோமா என்று யோசிப்பாள். தொண்டை கட்டிக்கொண்டு குரல் ஆண்குரலாயிற்று. போனில் பேசிய ஒரு மருந்தகக்காரர் "சார், அக்காகிட்ட குடுங்க" என்றார். மீன்கடைக்காரர் சொன்ன ஒரு நகைச்சுவைக்கு, அவர் மீனை வெட்டி, கழுவி, பொட்டலம் கட்டி முடித்தபிறகு சிரித்தாள். கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். யாரும் வெளியில் சொல்லவில்லை, ஆனால் தராசக்கா வந்தால் வியர்ப்பது நின்றுவிட்டது.

ஒருநாள் காய்கறிக் கடையில் வழக்கம்போல ஒரு முட்டைக்கோஸைக் கையில் கொடுத்தார்கள். தூக்கிப் பார்த்து, "முக்கால் கிலோ" என்றாள். தட்டில் வைத்தால் ஒன்றேகால். சுற்றி நின்றவர்கள் விளையாடுகிறாள் என்று சிரித்தார்கள். அவள் மறுபடி கையில் எடுத்தாள், கண்ணை மூடிப் பார்த்தாள். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. பயந்துபோய்விட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "கை போச்சும்மா" என்றாள்.

"வயசாகுதுல்ல" என்றாள் அம்மா.

"உனக்கே ஆகாத வயசு எனக்கு மட்டும் ஆகுதா?"

அம்மா தேநீர் போடப் போனாள். அன்றைக்குத் தேநீரில் சர்க்கரை இரண்டு முறை விழுந்திருந்தது. மகள் அதையும் சொல்லவில்லை. பேச்சில் ஊரையே விலைபேசும் இரண்டு பேர், ஒரே வீட்டில், ஒரே விஷயத்துக்கு வாயில் பூட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வினை அதே ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் வந்தது. குழந்தைகளை எடை போடும் மேடைத் தராசுக்கு அன்று வருடாந்தரப் பாடம். பாடம் ஆரம்பித்ததும் தராசு திரையில் 'பத்து கிலோ வை' என்று கேட்கும். தராசக்கா ஐந்தும் ஐந்துமாக இரண்டு கல்லை வைத்தாள். அதற்கு முன் சோதித்துப் பார்க்க வைத்த ஒரு கிலோ கல் தட்டின் மூலையிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டாள். பதினொன்றைப் பத்து என்று தராசு படித்துக்கொண்டது. முத்திரையும் விழுந்தது.

மறுநாள் காலை குழந்தைகள் பிரிவில் ஒரே ஒப்பாரி. போன வாரம் ஐந்தரைக் கிலோ இருந்த குழந்தை ஐந்து கிலோ. நாலு கிலோ நானூறு இருந்தது நாலு கிலோ. வரிசையில் வந்த பன்னிரண்டு குழந்தைகளும் இளைத்திருந்தன. ஒரு தாய் தன் பால்தான் சரியில்லை என்று அழுதாள். ஒரு மாமியார் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தார். ஒரு தகப்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கே ஓடினான். கடைசியில் நர்ஸ் ஒருத்திக்குச் சந்தேகம் வந்து, தான் ஏறி நின்றாள். அவளும் ஐந்து கிலோ இளைத்திருந்தாள். ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டுவிட்டு, பிறகுதான் மேலிடத்துக்குச் சொன்னாளாம்.

ஆஸ்பத்திரி நிர்வாகி கொதித்துப்போய் எடைத் துறைக்குப் புகார் தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிட்டார். அது போய்ச் சேர்ந்தால் உரிமம் ரத்து. குறடைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். புகாரில் மருத்துவர் கையெழுத்தும் வேண்டும் என்பதால் தாள் புது டாக்டரிடம் வந்தது. பெயரைப் பார்த்ததும் அவள் தராசக்காவை வரச்சொன்னாள். அம்மாவும் வந்து அந்த நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை தப்பு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

"இது ஒண்ணுதான்." குரல் கரகரத்தது. "அழுத அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வந்தேன் டாக்டர். உங்க பால்ல ஒண்ணும் இல்லம்மா, என் தலையிலதான் கோளாறுன்னு சொல்லிட்டு வந்தேன்."

டாக்டர் அவள் முகத்தை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தாள். வீங்கிய இமை, வறண்ட தோல், மூன்று ஸ்வெட்டர். கழுத்தைத் தொட்டாள், நாடி பார்த்தாள். "இது மாத்திரை அதிகமான உடம்பு மாதிரி இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஆனா முதலாளி தூங்கறதுக்கு ஒரு காரணம் இருக்கணுமே. பிறக்கும்போதே அப்படின்னா... எனக்குப் புரியலை."

மேசைமேல் அந்தப் புகார்த் தாள். தராசக்கா அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்டமாதிரி ஆகிவிடும் என்று பயந்தாள்.

"நான் போடலை" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"மாத்திரை. நான் போடலை." தொலைபேசிக் குரல் காணாமல் போயிருந்தது. "கீழ் வீட்டுக்காரி சொன்னா, மாசமா இருக்கும்போது மருந்து தின்னா குழந்தை ஊனமாப் பிறக்கும்னு. எனக்கு அது ஒண்ணுதான் காதுல விழுந்துச்சு. இவ அப்பா மூணு வேளையும் எதிர்ல உக்கார்ந்து பார்ப்பார். வாயில போட்டு நாக்குக்கு அடியில ஒதுக்கிக்குவேன். தண்ணி குடிப்பேன். அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் ஜன்னல் வழியா துப்பிடுவேன். ஒன்பது மாசமும். குழந்தைக்கு ஆகாதுன்னுதான் டாக்டர் செஞ்சேன். குழந்தைக்கே ஆகாமப் போச்சு."

"தெரியும்மா" என்றாள் தராசக்கா.

அம்மா திரும்பினாள். "என்ன தெரியும்?"

"சித்தி சொல்லிட்டா. பதினாறு வருஷமாச்சு."

"பதினாறு வருஷமா?" அம்மாவுக்குக் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, அதோடேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சு வச்சுக்கிட்டா அன்னைக்கு இதே நாற்காலியில வாயை மூடிட்டு உக்கார்ந்திருந்தே? மாத்திரையைக் குறைச்சா உனக்கு என்ன ஆகும்னு தெரியாதா உனக்கு? புத்தி இருக்காடி?"

"புத்தியைத்தான் கால்பங்கு கால்பங்கா குறைச்சுட்டாங்களேம்மா."

டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தலைமேல் இருந்த கண்ணாடியை மேசையில் தேடினாள். "குறைச்சது நான். உடம்பைப் பார்க்காம எண்ணை மட்டும் பார்த்துட்டேன்" என்றாள். பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "இப்படிப் பிறக்கற குழந்தைங்க நிறையப் பேருக்குச் சில மாசத்துல சரியாயிடும்மா. ரொம்பச் சிலருக்குத்தான் கடைசிவரைக்கும் நின்னுடும்."

"இவ என்னைக்குக் கூட்டத்தோட போயிருக்கா" என்றாள் அம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டு.

அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். டி-ஃபோர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாத்திரை பழைய அளவுக்குத் திரும்பியது. கணினியில் அவள் பெயரைத் திறந்தாலே முகத்தில் அடிப்பதுபோலச் சிவப்பு எழுத்தில், 'பிறவிக் கோளாறு, டி.எஸ்.எச். பார்த்து மருந்தை மாற்றாதீர்கள்' என்று டாக்டர் ஏற்றிவைத்தாள். புகாரின் அடியில், தவறுக்குக் காரணம் தான் எழுதிய மருந்தளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அதைப் படித்த நிர்வாகிக்கு, புகாரை வெளியே விட்டால் ஆஸ்பத்திரி பெயரும் சேர்ந்து நாறும் என்பது விளங்கிற்று. புகார் அவர் மேசை இழுப்பறையைத் தாண்டவில்லை.

"மருந்து முழுசா வேலை செய்ய ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் முத்திரை குத்தாதீங்க" என்று டாக்டர் சொன்னபோது தராசக்கா மறுபேச்சுப் பேசவில்லை. அது மட்டுமில்லை. மாத்திரை குறைந்த நாளிலிருந்து தான் முத்திரை குத்திய முப்பத்தெட்டு இடங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போய், தன் முத்திரையைத் தானே வெட்டி எடுத்து, வேறு ஆளை வரவழைத்துச் சோதிக்க வைத்தாள். மூன்று தராசு தப்பாக இருந்தன. மூன்றும் கடைக்காரருக்குச் சாதகமான தப்பு. "உங்களுக்கு நல்லாத்தான் போயிருக்கு ரெண்டு மாசம்" என்று மீன்கடைக்காரர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அவருக்கு மறுபடி வியர்த்தது.

மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, அரைமணி நேரம் கழித்துத்தான் தேநீர். இத்தனை வருடமும் அவளே எழுந்து, அவளே போட்டுக்கொள்வாள். பழைய அளவு ஆரம்பித்த முதல் நாள் காலையில் கண் விழித்தால், கட்டிலருகே அம்மா நிற்கிறாள். ஒரு கையில் தண்ணீர் டம்ளர், ஒரு கையில் மாத்திரை.

"நீ எதுக்கும்மா எழுந்தே?"

"சும்மாதான். போடு."

தராசக்கா எழுந்து உட்கார்ந்து, மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். அம்மா நகரவில்லை. மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாயை ஆவென்று பிளந்து, நாக்கைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் காட்டினாள்.

அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, நன்றாகப் பார்த்தாள்.